வல்னரபிலிட்டி: ‘அற்றம்’ என்று சொல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தாக்குதலுக்கு இடம்கொடுக்கும் குறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘வல்னரபிலிட்டி’க்குத் (vulnerability) தமிழில் பாதுகாப்பின்மை, பலவீனம், பாதிப்புறுநிலை ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் நானே வெவ்வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் கணினிப் பாதுகாப்புத் துறையில் மூன்றுமே இடறுகின்றன.

முதலில் பாதுகாப்பின்மை. இலத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். அந்த வேரில் பிறந்த ‘வல்னரபிள்’ என்பதற்குக் காயப்படத்தக்கது என்றுதான் பொருள். காவல் இல்லாதது என்று பொருள் இல்லை. இந்த வேறுபாடு நாம் கேட்டு வளர்ந்த பாரதக் கதையிலேயே இருக்கிறது. கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்துவிட்ட கர்ணன் பாதுகாப்பற்றவன். காந்தாரியின் பார்வை பட்டு உடலெல்லாம் வயிரமாகி, தொடை மட்டும் பழையபடி நின்றுவிட்ட துரியோதனனை அப்படிச் சொல்ல முடியுமா? அவனுக்குக் காவல் நிறையவே இருந்தது. அடிபடக்கூடிய ஓர் இடமும் இருந்தது. நமக்குப் பெயர் வேண்டியது அந்த இடத்துக்கு.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்து, 2014 ஏப்ரலில் வெளியே தெரியவந்த ‘ஹார்ட்பிளீட்’ என்ற குறை இதற்கு நல்ல சான்று. ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்பை மறையாக்கம் செய்து காக்கும் நிரல்தொகுப்பு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறு செய்தி ஒன்றை அனுப்பும்; மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் நீளம் எவ்வளவு என்று அனுப்புபவர் சொன்னதை மறுமுனை சரிபார்க்கவில்லை. ஓரிரு எழுத்தை அனுப்பிவிட்டு நீளத்தைக் கூட்டிச் சொன்னால், நினைவகத்தில் அருகே கிடந்ததையும் சேர்த்து, ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பிறருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம், வழங்கியின் (சர்வரின்) மறைசாவியும் இருக்கலாம். காவல் கருவிக்குள்ளேயே இருந்த இந்தக் குறையைப் ‘பாதுகாப்பின்மை’ என்று எழுதினால், பூட்டே போடாத வீடு என்று வாசகர் நினைத்துக்கொள்வார். பூட்டு இருந்தது. பூட்டில்தான் கோளாறு.

பலவீனம் என்ற சொல்லை ‘வீக்னெஸ்’ என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். இந்தத் துறையில் அது தனிக் கலைச்சொல். பிழைகளின் வகைகளைத் தொகுப்பது சி.டபிள்யு.இ. பட்டியல், குறிப்பிட்ட மென்பொருளில் கண்டறியப்பட்டவற்றுக்கு எண் கொடுப்பது 1999இல் தொடங்கிய சி.வி.இ. பட்டியல். நீளத்தைச் சரிபார்க்காமல் விடுவது ஒரு பலவீனம். அது ஓபன்எஸ்எஸ்எல்லின் சில பதிப்புகளில் நுழைந்து உட்கார்ந்ததே வல்னரபிலிட்டி. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் அடுத்த பத்தியிலேயே மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்வார்.

பாதிப்புறுநிலையில் வேறு சிக்கல். ‘உங்கள் கணினி பாதிப்புறு நிலையில் உள்ளது’ என்ற அறிவிப்பைப் படிப்பவர், நச்சுநிரல் ஏற்கனவே புகுந்துவிட்டது என்றே பதறுவார். பாதிப்பு என்ற சொல்லுக்குள் நடந்து முடிந்த சேதம் இருக்கிறது. நாம் சொல்ல வருவதோ இன்னும் நடக்காத ஒன்று.

என் பரிந்துரை ‘அற்றம்’. அழிவு, சோர்வு, மறைக்கத்தக்கது என்றெல்லாம் பொருள் தரும் பழைய சொல் இது. திருக்குறளில் பல இடங்களில் வருகிறது. ‘அறிவற்றங் காக்குங் கருவி’ (421) என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். என்னை நிறுத்திவைத்தது 1186ஆம் குறள்:

‘விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல் கொண்கன்
முயக்கற்றம் பார்க்கும் பசப்பு.’

விளக்கு எப்போது மங்கும் என்று இருள் காத்திருக்கிறது. அதுபோலக் காதலனின் தழுவல் எப்போது விலகும் என்று பசலை காத்திருக்கிறது. விளக்கு அணைந்துவிடவில்லை, அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் தளர்வுக்காகக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. கணினித் தாக்குநர் செய்வதும் இதைத்தான். குறையைப் பயன்படுத்தித் தாக்குவதைக் குறிக்கும் ‘எக்ஸ்பிளாயிட்’ என்ற வினைக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. ‘அற்றம் பார்த்தல்’ இருக்கிறது. ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் கிடைப்பது கலைச்சொல்லாக்கத்தில் அரிய வாய்ப்பு. இந்தக் குறளைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். ‘பாதுகாப்பற்ற’, ‘பயனற்ற’ என்பவற்றில் வரும் ‘அற்ற’ காதில் குழப்புமே என்பீர்கள். குழப்பும்தான். அதனால் இதை இன்னொரு பெயர்ச்சொல்லோடு புணர்த்தி எழுதக்கூடாது. ‘மென்பொருளற்றம்’ என்றால் மென்பொருள் இல்லாமை என்று ஆகிவிடும். ‘மென்பொருளில் உள்ள அற்றம்’ என்று பிரித்தே எழுத வேண்டும். ‘அற்றமற்ற’ வேண்டாம், ‘அற்றம் இல்லாத’ போதும். ‘வல்னரபிள்’ என்ற பெயரடைக்கு ‘அற்றமுள்ள’ பொருந்தும்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. ஒரே வெள்ளம் ஒரு வீட்டை நனைத்துவிட்டுப் போகிறது, இன்னொரு வீட்டை அடித்துச் செல்கிறது. பேரிடர் ஆய்வில் வல்னரபிலிட்டி என்பது அந்த வேறுபாடு. வறுமை, முதுமை, தாழ்வான நிலம் எல்லாம் அதில் சேரும். அங்கே அற்றம் என்று எழுதினால் குறை அந்த மக்களுடையது என்ற தொனி வந்துவிடும். ‘எளிதில் பாதிக்கப்படும் மக்கள்’ என்ற நீண்ட தொடரே அங்கு நேர்மையானது. உயிரினப் பாதுகாப்பில் ‘அழிவாய்ப்பு இனம்’ வழக்கில் உள்ளது, அதைக் குலைக்க வேண்டாம்.

கீழ்க்காணும் வாக்கியங்களைச் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்:

‘இந்தப் பதிப்பில் இரண்டு அற்றங்கள் சரிசெய்யப்பட்டுள்ளன.’

‘அற்றமுள்ள பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், உடனே புதுப்பிக்கவும்.’

‘திருத்தம் வெளிவரும் முன்பே தாக்குநர்கள் இதில் அற்றம் பார்த்துவிட்டனர்.’

மூன்றாவது வாக்கியத்தில் ‘அற்றம் பார்த்து நுழைந்துவிட்டனர்’ என்று முடித்தால் இன்னும் தெளிவாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. தாக்குதலுக்கென்று எழுதப்படும் நிரலையும் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பிளாயிட்’ என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர்ச்சொல்லுக்கு ‘அற்ற நிரல்’ நிச்சயம் ஆகாது. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.