முறுக்கு டப்பாவில் நாலு மாத மாத்திரை: தனியாக இருக்கும் பெரியவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். வயது 81. மகன் புனேயில். போன வருடம் ஒரு ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, விடியும் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கேட்டில் பால் பை எடுக்காமல் அப்படியே தொங்குவதைப் பார்த்த பால்காரர்தான் சத்தம் போட்டு ஆள் கூட்டினார். எலும்பு முறியாதது ஆச்சியின் அதிர்ஷ்டம். கூப்பிடு தூரத்தில் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆச்சிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் ஒரு தன்னார்வலர் பெண் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. மாத்திரைதான் வீட்டுக்கே வருகிறதே, அப்புறம் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

விழுந்த பிறகு அந்தப் பெண் வந்தபோது அவசரப்படாமல் உட்கார்ந்து பேசினார். ஆச்சி அவருக்கு முறுக்கு எடுக்கப் போனார். டப்பாவைத் திறந்தால் முறுக்கோடு நாலு மாத மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது! எல்லாமே வெள்ளை மாத்திரை, எழுத்து பொடி, எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சம். அந்தப் பெண் இரண்டு கவர் எடுத்து ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா வரைந்து கொடுத்தார். அடுத்த முறை பிசியோதெரபிஸ்டையும் கூட்டி வந்தார். அந்தப் பெண் எந்த ரிஜிஸ்டரில் எதை எழுதினாரோ, முறுக்கு தின்ற பத்து நிமிடத்துக்கு அதில் கட்டம் இருக்காது.

திண்டுக்கல் பக்கமிருந்து:

எங்கள் பெரியத்தைக்கு ரேகைதான் பிரச்சினை. முதியோர் பணம் மாதம் 1,200 ரூபாய். களை பறித்தே தேய்ந்த விரல். மிஷினில் வைத்தால் "ரேகை விழல பாட்டி, அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிடுவார்கள். மூன்று முறை ஆட்டோ வைத்து டவுனுக்குப் போனோம். பணத்தில் பாதி ஆட்டோவுக்கே சரி. கடைசியில் வங்கி மேலாளரிடம் நேராகப் பேசியபோதுதான் வழி தெரிந்தது: மையில் கைநாட்டு வைத்து, இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும், அதில் ஒருவர் வங்கி ஊழியராக இருக்க வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். ரேஷன் பாடு பரவாயில்லை, 2025-இல் வந்த தாயுமானவர் திட்டத்தில் அரிசி, சர்க்கரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து:

எங்கள் அபார்ட்மென்ட் தாத்தாவுக்காக 14567-க்கு அடித்தேன். முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. பொறுமையாகத்தான் கேட்டார்கள். கடைசிவரை பார்த்துக்கொள்வதாகப் பத்திரத்திலேயே எழுதிச் சொத்தை வாங்கிய பிள்ளை பார்க்காமல் விட்டால், பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனு போட்டு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யலாம் என்றும் விளக்கினார்கள். தாத்தாவிடம் சொன்னேன். "பையன் மேல மனுவா? வேண்டாம்பா. நீ சாயங்காலம் செஸ் ஆட வா, அது போதும்" என்றார். போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

மறுபடியும் பாளையங்கோட்டை:

சொல்ல விட்டுப்போனது. பால்காரரிடம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏழு மணிக்கு மேலும் பை தொங்கினால் கதவைத் தட்ட வேண்டும். போன வாரம் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து ஆச்சியின் குரல்: "இன்னும் சாகலடே, கண்ணசந்துட்டேன்!"