வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை: காலை மாத்திரைகளை என்ன செய்வது?

தும்பி:

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்று சுகர், எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், தைராய்டு, இரும்புச்சத்து, அப்புறம் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. லேபில் விசாரித்தால் "காலையில் வெறும் வயிற்றில் வந்துவிடுங்கள்" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். மாத்திரைகளைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அம்மா எழுந்ததும் தைராய்டு மாத்திரை போடுவார். சாப்பாட்டோடு சுகர் மாத்திரை, ஆஸ்பிரின், இரும்புச்சத்து மாத்திரை. இது போக முடி கொட்டுகிறது என்று யாரோ சொல்லி ஒரு வைட்டமின் மாத்திரையும் தினமும் எடுக்கிறார். இவற்றில் எதைப் போடலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும்? தண்ணீராவது குடிக்கலாமா? எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும்? அதே நாளில் எனக்கும் எடுக்கிறார்கள். எனக்கு ஊசி குத்தும்போது கண் இருட்டிக்கொண்டு வரும், அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

கார்முகில்:

ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. நீங்கள் கேட்டதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் பெரும்பாலானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிய பிறகுதான் "காலையில் மாத்திரை போட்டேன், பரவாயில்லையா" என்கிறார்கள்.

முதலில் தண்ணீர். தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு ஒடுங்கிவிடும், எங்களுக்குத் தேடுவது கஷ்டம், உங்களுக்கு இரண்டு குத்து வாங்குவது கஷ்டம். வெறும் தண்ணீர் மட்டும்தான். பால், சர்க்கரை சேர்க்காத கருப்புக் காபியும் வேண்டாம், சூயிங்கம் வேண்டாம், சிகரெட் வேண்டாம். முந்தைய நாள் மதுவும் வேண்டாம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறிவிடும்.

நேரம்: சுகருக்குக் குறைந்தது 8 மணி நேரம், கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்ப்பதால் 10 முதல் 12 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவை முடித்துவிட்டுத் தூங்கி எழுந்து வந்தால் கணக்கு சரியாகிவிடும். "அதிகம் பட்டினி இருந்தால் இன்னும் துல்லியமாக வரும்" என்று முந்தைய நாள் மதியத்தோடு நிறுத்திக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அது தப்பு. அளவுக்கு மீறிய பட்டினியும் முடிவை மாற்றும். கில்பர்ட் சிண்ட்ரோம் என்ற தீங்கில்லாத பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்குப் பட்டினியிலேயே பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறி, மஞ்சள் காமாலையோ என்று பயமுறுத்தும்.

இனி மாத்திரைகள். இங்கேதான் கவனம் வேண்டும். சுகர் மாத்திரையின் பெயர் என்ன என்று முதலில் பாருங்கள். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகையாக இருந்தால், அல்லது இன்சுலின் போடுகிறவராக இருந்தால், சாப்பிடாமல் அதை எடுத்துக்கொண்டு லேபில் வரிசையில் உட்காருவது ஆபத்து. சுகர் சட்டென்று 70-க்குக் கீழே இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. பொதுவாக இவற்றைக் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் பலருக்கு நிறுத்தக்கூடாது, அளவு மட்டும் மாறலாம். அதனால் இதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், ஒரு போன் போதும். காத்திருக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக வந்தால் பரிசோதனை கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பரிசோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பிரினைத் தானாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்காகக் கொடுத்திருப்பார்கள், ஒரு ஊசிக் குத்துக்காக அதை விடுவது சரியே இல்லை. எடுத்து முடிந்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் முழங்கையை மடக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதனால்தான் அந்த இடம் கன்றி நீலமாகிறது. கை நீட்டியபடி இருக்கட்டும், விரலால் அழுத்தட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை முந்தைய 24 மணி நேரத்துக்கு நிறுத்தி வைப்பது வழக்கம், இல்லையென்றால் ரத்தத்தில் இரும்பு பொய்யாகக் கூடித் தெரியும். இதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

நெடுவழி:

அந்த முடி வைட்டமினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் தும்பி. பெட்டியைத் திருப்பி, பயோட்டின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வைட்டமின் பி7, வைட்டமின் எச் என்று போட்டிருந்தாலும் அதேதான். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்தான், ஆனால் முடிக்கும் நகத்துக்கும் என்று விற்பவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும்.

தைராய்டுக்குப் பல லேப்களில் பயன்படுத்தும் முறையே பயோட்டினை வைத்துத்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைய இருந்தால் கருவி குழம்பிவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி3, டி4 அதிகமாகவும் காட்டும், அதாவது தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கிறது என்று அர்த்தமாகும். ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு இப்படி ரிப்போர்ட் வந்தால் என்ன நடக்கும்? "டோஸ் அதிகமாகிவிட்டது" என்று குறைத்துவிடுவார்கள். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது, காகிதத்தில்தான் மாறியிருக்கும். 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ட்ரோபோனினும் சில கருவிகளில் இதனால் குறைவாகத் தெரியும் என்றும், அப்படிக் குறைவாகத் தெரிந்த ஒரு நோயாளி இறந்தார் என்றும் அதில் இருந்தது. அவ்வளவு பெரிய விஷயம், ஆனால் வைட்டமின்தானே என்று யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

குறைந்தது இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். மூன்று நாள் விட்டால் இன்னும் நிம்மதி. நிறுத்தியதையும், எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் லேபில் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை: ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் டி4 உச்சத்துக்குப் போகும், அந்த நேரத்தில் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். டிஎஸ்எச் மட்டும் என்றால் ஒரு வேளை டோஸால் பெரிதாக மாறாது. ஒரு சிக்கல், அந்த மாத்திரைக்குப் பிறகு அரை மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், அம்மாவுக்கோ சுகர். ஆகவே லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

வெள்ளிமீன்:

கொலஸ்ட்ராலுக்குப் பட்டினியே தேவையில்லை என்று இப்போது சொல்கிறார்களே? எனக்கு மருத்துவர் சாப்பிட்டுவிட்டே வரச் சொன்னார்.

கார்முகில்:

உண்மைதான் வெள்ளிமீன். 2016-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. சாப்பிட்டுவிட்டு எடுத்ததில் டிரைகிளிசரைடு 440-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. இருந்தாலும் தும்பியின் அம்மாவுக்கு வெறும் வயிற்று சுகரும் அதே சீட்டில் இருக்கிறது, அதனால் அவருக்குப் பட்டினி தவிர்க்க முடியாது. எச்பிஏ1சி, தைராய்டு, ரத்த அணுக்கள் இவற்றுக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை.

எச்பிஏ1சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கடந்த இரண்டு மூன்று மாத சுகரின் சராசரியைக் காட்டுவது, சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால்தான் அப்படி. இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் அது உண்மையைவிடச் சற்றுக் கூடித் தெரியலாம், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த எண்ணை நம்பவே முடியாது. அம்மா இரும்பு மாத்திரை எடுப்பதால் இதை மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள்.

சிட்டு:

கண் இருட்டுவதற்கு நான் சொல்கிறேன், நானும் அந்த ஆள்தான். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக "எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் பார்ப்பதுதான். இது கோழைத்தனமும் இல்லை. பயத்திலோ ரத்தத்தைப் பார்த்தோ இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று விழுகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது, அவ்வளவுதான். படுத்திருந்தால் அந்தக் குறைவு பெரிதாக ஆகாது, விழுந்து தலையில் அடிபடவும் வாய்ப்பில்லை.

இன்னொன்று எனக்கு நன்றாக உதவுகிறது. ஊசி போடும் கையைத் தளர்வாக விட்டுவிட்டு, கால், தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடாகும்போது விடுங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. இது அழுத்தத்தை விழாமல் பிடித்துவைக்கும். வருவதற்கு முன் நிறையத் தண்ணீர். முடிந்ததும் சட்டென்று எழாமல் பத்து நிமிடமாவது அப்படியே இருங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் வண்டி ஓட்டித் திரும்புவதாக இருந்தால் வேறு யாரையாவது கூட்டிப் போங்கள்.

தும்பி:

எல்லோருக்கும் நன்றி. பெட்டியைப் பார்த்தேன், நெடுவழி சொன்னது சரி, 10,000 மைக்ரோகிராம் பயோட்டின். இன்றோடு நிறுத்தியாயிற்று, பரிசோதனையை நான்கு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். சுகர் மாத்திரை கிளிமெபிரைடு. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போட்டால் போதும் என்றார். அம்மாவுக்கு இப்போது ஒரு புதுக் கவலை, "மூன்று டியூப் எடுப்பார்களாமே, இருக்கிற ரத்தமும் போய்விடும்" என்கிறார். லேசாகச் சளியும் இருக்கிறது, பரவாயில்லையா?

கார்முகில்:

மூன்று டியூப் சேர்ந்தாலும் பத்துப் பதினைந்து மில்லிதான் வரும். உடம்பில் இருப்பது நான்கைந்து லிட்டர். மூன்று எதற்கு என்றால், ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு மருந்து இருக்கிறது. ஊதா மூடியில் உறையாமல் தடுக்கும் இடிடிஏ, ரத்த அணுக்களுக்கும் எச்பிஏ1சிக்கும் அது. சாம்பல் மூடி சுகருக்கு, அதில் உள்ள ஃப்ளூரைடு அணுக்கள் சுகரைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அது இல்லாமல் சும்மா வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சுகர் குறைந்துகொண்டே போகும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி மற்றவற்றுக்கு. வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம், எவ்வளவு நேரத்தில் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டியூபில் பெயர் ஒட்டுவது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். நீங்கள் இருவரும் ஒரே குடும்பம், ஒரே நேரம், ஒரே மேசை. மாறிப்போக இதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்லி "நீங்கள்தானே" என்று கேட்டால் தலையாட்டாமல், முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அம்மாவே வாய் திறந்து சொல்லட்டும்.

ரப்பர் பட்டை கட்டியதும் கையை மூடி மூடித் திறக்க வேண்டாம். பொட்டாசியம் பார்ப்பவர்களுக்கு அது பொய்யாக ஏறிவிடும்.

சளி: அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் மாறும், ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு அளவு தொற்று இருக்கும்போது உயர்ந்துவிடும். உண்மையில் குறைவாக இருக்கும் இரும்பு சரியாக இருப்பதுபோல் தெரியலாம். காய்ச்சல் வந்துவிட்டால் இன்னொரு முறை தள்ளிப் போடுங்கள், லேசான சளி மட்டும் என்றால் சொல்லிவிட்டு எடுங்கள்.

நெடுவழி:

ரிப்போர்ட் வந்ததும் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த "இயல்பு அளவு" என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. அதாவது உடம்பில் ஒரு குறையும் இல்லாதவரிலும் இருபதில் ஒருவர் வெளியே நிற்பார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது பரிசோதனை ஒரே நாளில் செய்தால், ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு. முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள், முக்கியமாகத் தைராய்டு, கருவி மாறினால் எண்ணும் மாறும். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மருத்துவருக்கும் வசதி.

கார்முகில்:

கேட்க மறந்துவிட்டேன் தும்பி. அம்மாவுக்கு மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளில் நெறிக்கட்டி (நிணநீர் முடிச்சு) நீக்கியது, டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) வைத்தது என்று எதுவும் உண்டா? இருந்தால் அந்தக் கையில் எடுக்கவிடக் கூடாது.

தும்பி:

அப்படி எதுவும் இல்லை. ஆனால் இடது கையில்தான் நரம்பு சுலபமாகக் கிடைக்கும், போன தடவை வலது கையில் ரொம்ப நேரம் தேடினார்கள். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.