லாஸ் வேகாஸ் நியான் அருங்காட்சியகம்: சூதாட்டப் பலகைகளைக் காத்துவைக்கத்தான் வேண்டுமா?

மேகலா

சென்ற மாதம் குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் போயிருந்தோம். நாங்கள் யாரும் சூதாடவில்லை. நான் போனதே நியான் அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான். மூடிவிட்ட, இடித்துவிட்ட கேசினோக்களின், அதாவது சூதாட்ட விடுதிகளின், விளக்குப் பலகைகள் அங்கே வெட்டவெளியில் நிற்கின்றன, சில சாய்ந்து கிடக்கின்றன. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘போன்யார்டு’, எலும்புக்காடு. நுழைவு மண்டபமும் ஒரு மிச்சம்தான். 1961இல் லா கொஞ்சா என்ற மோட்டலுக்காகப் பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சிப்பிக் கூரை அது. மோட்டல் போனபோது அதை மட்டும் துண்டுகளாக அறுத்து, 2006இல் இங்கே கொண்டுவந்து, பிறகு பொருத்தியிருக்கிறார்கள்.

ஸ்டார்டஸ்ட் கேசினோவின் எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். ஓர் எழுத்தே என்னைவிட உயரம். வண்ணம் வெயிலில் வெளிறி, தகரம் துருவேறி, வரிசை வரிசையாகப் பல்பு இல்லாத குழிகள். ஒரே ஒரு குழியில் மட்டும் உடையாத பல்பு ஒன்று இருந்தது. என் மகள் அதைத்தான் படமெடுத்தாள். வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் பாருங்கள், பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.

கரிசல்காரன்

அக்கா, நீங்கள் அழகாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமும் அதனால்தான். அந்தப் பலகைகள் எதற்காகச் செய்யப்பட்டவை? லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாலைவனச் சாலையில் வேகமாக வரும் காரோட்டி காலை பிரேக்கில் வைக்க வேண்டும். அதற்காகத்தான் கட்டடத்தைவிடப் பலகையைப் பெரிதாக வைத்தார்கள். தூண்டில் முள்ளை வெல்வெட் விரிப்பில் வைத்துக் காட்டினாலும் மீனுக்கு அது முள்தானே.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள். ஃபிளமிங்கோ கேசினோ 1946 டிசம்பரில் திறந்தது. அதை நடத்திய பக்ஸி சீகல் என்ற தாதா அடுத்த ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீங்கள் நின்று பார்த்த ஸ்டார்டஸ்டில் 1970களில் பணம் எண்ணும் அறையிலிருந்தே கணக்கில் வராமல் மாஃபியாவுக்குப் பணம் போனது. விளக்கு எரிந்ததெல்லாம் தோற்றவன் சட்டைப்பையிலிருந்து வந்த காசில்.

நான் இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. என் அப்பா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பஸ் நிலையத்து லாட்டரிக் கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தக் கடையிலும் வண்ண விளக்குச் சரம் தொங்கும், ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அன்று என் அம்மா சாமி விளக்கு ஏற்றினார். அந்த விளக்குச் சரத்தை யாராவது அருங்காட்சியகத்தில் வைத்தால் நான் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க மாட்டேன்.

இராப்பயணி

கரிசல்காரன் ஐயா, உங்கள் வீட்டுக் கதைக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ‘தூண்டில்’ என்ற ஒரே சொல்லில் அங்கிருப்பதையெல்லாம் அடைத்துவிட முடியாது. மூலேன் ரூஷ் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1950களில் அந்த நகரத்தை, நிறப் பாகுபாட்டுக்குப் பேர்போன தென் மாநிலத்தின் பெயரால், ‘மேற்கின் மிசிசிப்பி’ என்றார்கள். சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல் போன்ற கறுப்பினப் பாடகர்கள் பெரிய கேசினோ மேடைகளில் பாடலாம். பாடி முடித்ததும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மேற்குப் பகுதிக்குப் போய்த்தான் படுக்க வேண்டும். அவர்கள் பாடிய ஓட்டலிலேயே அவர்களுக்கு அறை கிடையாது. இந்த நிலையில்தான் 1955 மே மாதம் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கூடத்தில் உட்காரக்கூடிய நகரின் முதல் கேசினோ ஓட்டலாக மூலேன் ரூஷ் திறந்தது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள். 1960இல் கேசினோக்களில் நிறப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவரும் உடன்பாடு எட்டப்பட்டபோது, பேச்சுவார்த்தை அந்த மூடிய கட்டடத்தில்தான் நடந்தது.

இன்று அந்தக் கட்டடம் இல்லை, பலகை மட்டும் இருக்கிறது. அதை வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ் என்ற பெண். 1959இல் ஊர் எல்லையில் வைத்த ‘லாஸ் வேகாஸுக்கு நல்வரவு’ பலகையும் அவர் கைவண்ணம்தான். அதற்கு அவர் காப்புரிமை பெறவே இல்லை. தேநீர்க் கோப்பையிலிருந்து சாவிக்கொத்து வரை அந்தப் படம் எங்கும் பரவியதற்கு அதுதான் காரணம். மூலேன் ரூஷ் பலகையைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால், அந்த ஆறு மாதத்துக்குக் கண்ணால் பார்க்க ஒரு சாட்சி இருந்திருக்குமா?

தணிகை

இங்கே எல்லோரும் அந்த ஊருக்குப் பெரிய மனது இருப்பதாகப் பேசுகிறீர்கள். 2007 மார்ச்சில் ஸ்டார்டஸ்டை வெடி வைத்துத் தகர்த்தபோது வாணவேடிக்கை விட்டு, பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் எண்ணினார்கள். 2024 அக்டோபரில் டிராபிகானா கேசினோவுக்கும் வாணவேடிக்கைதான். தான் கட்டியதை இடிப்பதையே காட்சியாக்கும் ஊர், பலகையை மட்டும் பாசத்தால் வைத்திருக்கிறது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

குழாய்வேலை

தணிகை தம்பி, பலகைகள் பிழைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல, வாடகையும் ஒரு காரணம். பல பலகைகள் கேசினோக்காரருக்குச் சொந்தமானவையே அல்ல. ‘யங் எலெக்ட்ரிக் சைன்’ போன்ற நிறுவனங்கள் செய்து, நிறுத்தி, பராமரித்து வாடகை வாங்கின. ஓட்டல் மூடினாலோ பெயர் மாறினாலோ பலகை திரும்பி வந்து நிறுவனத்தின் கொல்லையில் கிடக்கும், உதிரிப் பாகத்துக்கு உதவுமே என்று. அந்தக் கொல்லையில் சேர்ந்தவைதான் 1996இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தின் முதல் சேகரிப்புக்கு வேர்.

நான் சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நியான் குழாய் வளைத்தவன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் படத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல், மேசையில் விரித்திருப்போம். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ரப்பர் குழலை மாட்டி, குழலின் நுனியை வாயில் கவ்விக்கொள்வோம். நெருப்பில் கண்ணாடி இளகியதும் வளைக்க வேண்டும். வளைக்கும் இடத்தில் குழாய் ஒடுங்கும். அந்த நொடியில் மெல்ல ஊத வேண்டும். ஊதல் கூடினால் புடைத்துவிடும், குறைந்தால் நசுங்கிவிடும். கண், கை, மூச்சு மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். பிறகு காற்றை இழுத்துவிட்டு, உயர் மின்னழுத்தம் பாய்ச்சி உள்ளே இருக்கும் அழுக்கை எரித்து, வாயுவை நிரப்பி முனையை மூடுவோம். நியான் என்றால் செம்மஞ்சள், ஆர்கானோடு ஒரு துளி பாதரசம் சேர்த்தால் நீலம்.

ஒரே குழாயில் மூன்று நான்கு எழுத்துகள் ஓடும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே போகும் துண்டு கண்ணில் படாமல் இருக்கக் கறுப்புச் சாயம் பூசுவோம். மேகலா அம்மா, அங்கே பலகையின் பக்கவாட்டில் அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் ஒரு தொழிலாளியின் கையெழுத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சூதாடியவனுக்கும் ஆட வைத்தவனுக்கும் நடுவில் வெந்த விரல்களோடு நாங்களும் இருந்தோம். இப்போது எல்இடி வந்து எங்கள் பட்டறை மூடிவிட்டது.

கரிசல்காரன்

குழாய்வேலை அண்ணா, உங்கள் கைத்திறனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். இராப்பயணி சொன்ன மூலேன் ரூஷ் கதையும் எனக்குத் தெரியாதது. அதை ஏற்கிறேன். ஆனால் சாட்சி என்றால் எல்லாத் தரப்புக்கும் சாட்சியாக இருக்க வேண்டும். கறுப்பினப் பாடகருக்கு ஒரு பலகை கிடைத்துவிட்டது. வீட்டு வாடகையை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு காருக்குத் திரும்பியவனுக்கு எந்தப் பலகை? கேசினோவின் பெயர் எழுபது அடி உயரத்தில் எரிந்தது, அவன் பெயர் அடகுக் கடை நோட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

இராப்பயணி

அது உண்மைதான். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். லாஸ் வேகாஸ் இருப்பது நெவாடா மாநிலத்தில். 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய அதே நெவாடாவில் இன்றுவரை மாநில லாட்டரி கிடையாது. 1864இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே லாட்டரிக்குத் தடை. அந்தத் தடையை அசைக்க முயன்றபோதெல்லாம் எதிர்த்து நின்றவர்களில் கேசினோக்காரர்களும் உண்டு. உங்கள் அப்பாவின் சீட்டு அந்த ஊரில் விற்றிருக்காது.

கரிசல்காரன்

சீட்டு இல்லாவிட்டால் வேறொன்று இருந்திருக்கும்.

சீட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பா இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பரிசு விழாத லாட்டரிச் சீட்டுகள், ஆண்டு வாரியாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். சேர்த்து வைத்தவர் அப்பா அல்ல, அம்மா. எரித்துவிடலாம் என்று நான் கேட்டதற்கு, “இருக்கட்டும், இதுதான் நம் வீட்டுக் கணக்குப் புத்தகம்” என்றார். டின் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. என்னாலும் தூக்கிப் போட முடியவில்லை.

அக்கா, நான் கேட்பது இதுதான். அந்தப் பலகைகளை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள்? என் அம்மா டின்னை வைத்திருந்ததுபோலவா, கல்யாண ஆல்பம்போலவா?

மேகலா

தம்பி, ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. இரவில் போனபோது ஆல்பம்போலத்தான் இருந்தது. சீரமைத்த பலகைகள் எரிந்தன, மற்றவற்றுக்குக் கீழிருந்து வண்ண ஒளி பாய்ச்சியிருந்தார்கள், எல்லோரும் கட்டிப்பிடித்துப் படமெடுத்தார்கள், நானும்தான். பகலில் அப்படி இல்லை. சூட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. துரு, விரிசல், ஒயர் எல்லாம் தெரிந்தன. பின்பக்கம் வெறும் இரும்புச் சட்டம்.

குழாய்வேலை ஐயா, கறுப்புச் சாயத்தை நான் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஓர் இடத்தில் தூரிகை இழுத்த கோடுகூடத் தெரிகிறது. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.