தம்பியோடு உட்கார்ந்து ‘பர்மனென்ட் மிட்நைட்’ பார்க்கலாமா?

மெய்ப்புக்காரி:

என் தம்பி ஹெராயினை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அவனும் எழுதுகிறவன். போன வாரம் திடீரென்று, “அக்கா, ‘பர்மனென்ட் மிட்நைட்’ பார்க்க வேண்டும், நீயும் கூட உட்கார்” என்றான். சரி என்று சொல்லிவிட்டு, நேற்று இரவு அவனுக்குத் தெரியாமல் நான் மட்டும் பார்த்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காக: 1998இல் வந்த படம், டேவிட் வெலோஸ் இயக்கியது. ஜெர்ரி ஸ்டால் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் 1995இல் வெளியிட்ட தன்வரலாறுதான் கதை. பென் ஸ்டில்லர் நடித்திருக்கிறார். சிரிப்பு நடிகர்தானே என்று சாய்ந்து உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்திலேயே நிமிர்ந்துவிட்டேன். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பொம்மையை நாயகனாக வைத்து ஓடும் நகைச்சுவைத் தொடருக்கு எழுதுகிறார். வாரச் சம்பளம் 5,000 டாலர். வாரப் போதைச் செலவு 6,000 டாலர்.

கேட்க வேண்டியது இரண்டு. கைக்குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டே கழுத்தில் ஊசி ஏற்றிக்கொள்கிறார். அந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எட்டு மாதக்காரனுக்கு இதைக் காட்டலாமா? இரண்டாவது என் தொழில்புத்தி. எழுத்தாளனைப் பற்றிய படம் என்கிறார்கள், அவன் ஒரு வரியை அடித்துத் திருத்துகிற காட்சிகூட என் மனதில் தங்கவில்லை. நினைவில் நிற்பதெல்லாம் ஊசிதான். எனக்குத்தான் அப்படியா?

பழைய புரொஜெக்டர்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், முதலாவதில் வாய் வைக்க எனக்குத் தகுதியில்லை.

பில்லி வைல்டரின் ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’ (1945) பாருங்கள். அதில் போதை மது, ஆள் எழுத்தாளன். குடிக்கக் காசில்லாமல் தன் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கில் அடகுக்கடை தேடித் தெருத் தெருவாக நடக்கிறான். அன்று யோம் கிப்பூர், யூதர்களின் நோன்பு நாள். ஒரு கடைகூடத் திறக்கவில்லை. கை மாற்றிக் கை மாற்றி அந்த இயந்திரத்தைச் சுமக்கிறான். எழுத்து அவனுக்கு எவ்வளவு கனம் என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. ஆனால் கடைசியில் சிகரெட்டை விஸ்கி கோப்பைக்குள் போட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்துவிடுகிறான். அதை நான் நம்பவில்லை. ஆஸ்கர் கொடுத்தவர்கள் நம்பியிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் படத்தில் அப்படி ஒரு டைப்ரைட்டர் கிடையாது. ஸ்டால் தன் எழுத்தை அடகு வைக்கவில்லை, வாராவாரம் விற்கிறார். அதனால் எழுத்து கண்ணில் படாமலே போகிறது. இயக்குநர் தெரிந்து செய்தாரா என்பது வேறு கேள்வி. விடுதி அறையில் கிட்டி என்ற பெண்ணிடம் அவர் உட்கார்ந்து கதை சொல்லும் பகுதிகளை வெட்டியிருந்தால் படம் இன்னும் இறுகியிருக்கும்.

ஆறாம் வருடம்:

அக்கா, நான் விட்டு ஆறு வருடம் ஆகிறது. உங்கள் தம்பி இருக்கும் இடத்தில் இருந்தவன்.

எல்லோரும் ஊசிக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு ஊசி ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன்னால் வருபவைதான்: கரண்டி, பஞ்சு உருண்டை, லைட்டர் சொடுக்கும் ஓசை, குளியலறைத் தாழ்ப்பாள். விட்டு இரண்டாம் வருடத்தில் இப்படி ஒரு படம் பார்த்தேன். திரையில் லைட்டர் சொடுக்கியதும் வாயில் எச்சில் ஊறியது, வயிறு கலங்கியது, கழிப்பறைக்கு ஓடினேன். மனது “வேண்டாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் உடம்பு வரவேற்கத் தயாராகிவிட்டது. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். ஆனால் அப்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

எழுதுவதைக் காட்டவில்லை என்பதைக் குறையாக நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் முழுநேர வேலை போதைதான். பணம் புரட்டுவது, ஆளைத் தேடுவது, காத்திருப்பது, நரம்பு தேடுவது. தவறிவிட்டால் அரை நாளுக்குள் மூக்கு ஒழுகும், எலும்பு வலிக்கும். சம்பள வேலை அதற்கு நடுவில் வரும் இடைவேளை. நான் மொழிபெயர்ப்பாளன். போதையிலேயே நாளுக்கு எட்டுப் பக்கம் முடித்துக் கொடுத்தேன், நடை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் என்னை இன்னும் மூன்று வருடம் அதிலேயே வைத்திருந்தது. படத்தில் இது சரியாக வந்திருக்கிறது: வேலை கெட்டுப்போகும் வரை யாரும் கேட்பதில்லை.

பார்ப்பதென்றால் பகலில் பாருங்கள். ரிமோட்டை அவனிடம் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, அடிக்கடி அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அதைவிட எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை.

இரவுப் பணி:

போதை மறுவாழ்வுப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். படம் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவருடைய ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைவிட அவசரமானது வேறொன்று. எட்டு மாதம் விட்டிருந்தால் உடலின் தாங்கும் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். ஒருவேளை திரும்பப் போய்ப் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த சில மாதங்களில் நாங்கள் இழப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். ஹெராயின் அளவு மீறினால் அதை முறிக்க மூக்கில் அடிக்கும் நாலோக்சோன் என்ற மருந்து கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சைத் திருப்பும், ஆனால் அது வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் வரைதான். அதனால் அடித்துவிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடாமல் இருந்துவிடக் கூடாது. இதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

மெய்ப்புக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மருந்து வாங்கிவிட்டேன். “என்னை நம்பவில்லையா?” என்று கேட்டான். “நம்புகிறேன், இதுவும் இருக்கட்டும்” என்றேன். ஒரு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் அவனே அலமாரியில் எளிதாகக் கைக்கு எட்டும் தட்டில் எடுத்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டோம். நான் சுவரைப் பார்த்தபடியே பாதிப் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உயரமான கட்டடத்தில் ஸ்டில்லரும் கூடப் போதை ஏற்றிக்கொள்ளும் ஒரு கூட்டாளியும் ஓடிவந்து ஓடிவந்து ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுகிறார்களே, அங்கே வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு அடிவயிறு பிசைந்தது. மெத்தடோன், அதாவது ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து, தரும் மருத்துவமனைக் காட்சியில் வரும் டாக்டர் ஜெர்ரி ஸ்டாலேதான் என்று அவன்தான் காட்டினான், நான் முதல் தடவை கவனிக்கவில்லை. “தன்னையே எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறான் பார்” என்றான்.

கார் காட்சி வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்து வந்து, சட்டை வியர்த்திருக்க, “மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றான்.

இன்னும் பார்க்கவில்லை. ரிமோட் அவன் அறையில் இருக்கிறது.