மறுமொழி: ‘போர்ட்’ – சிரைத்துறையா, சிரைவாயிலா? ‘சிமிழ்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கீமோதெரபி பெறுபவர்களுக்கு மருந்தைச் சிரைக்குள் (vein) செலுத்துவதற்காகக் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில் பதிக்கும் ‘போர்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘சிரைத்துறை’, ‘சிரைவாயில்’, ‘பதிவடிகுழாய்’. என் அம்மாவின் மார்பில் இரண்டரை ஆண்டு அந்தக் கருவி இருந்தது. அதை மனத்தில் வைத்தே மூன்றையும் படித்தேன்.

‘சிரைத்துறை’ கணினித் தமிழிலிருந்து வந்தது; அங்கே ‘போர்ட்’டைத் ‘துறை’ என்கிறார்கள். எழுத்தில் குறையில்லை. ஆனால் ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர் காதில் அது சிறைத்துறை என்றுதான் விழும். ‘சிரைவாயில்’ இன்னும் சிக்கல். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையை ஏற்கெனவே வாயிற்சிரை என்கிறோம். இரண்டு சொல்லையும் முன்பின்னாக மாற்றிப் போட்டு வேறொரு பொருளுக்குப் பெயர் வைப்பது மருத்துவத்தில் ஆபத்து. ‘பதிவடிகுழாய்’ என்பதில் ‘வடி’தான் உறுத்துகிறது. இது எதையும் வடிப்பதற்காக வைத்ததன்று, மருந்தை உள்ளே அனுப்புவதற்காக வைத்தது.

பொருளைப் பார்ப்போம். டைட்டானியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சிறு கிண்ணம். அதன் வாயைச் சிலிக்கோன் மூடி அடைத்திருக்கும். ஆயிரம் முறைக்கு மேல் குத்தினாலும் தாங்கும் மூடி அது. ஆனால் சாதாரண ஊசியால் குத்தக்கூடாது. மூடியைத் துண்டு துண்டாகச் செதுக்கிவிடும். முனை வளைந்த ஹியூபர் ஊசிதான் வேண்டும். கிண்ணத்திலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் சிரைக்குள் நுழைந்து, இதயத்தின் வலது மேலறையை ஒட்டி முடியும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இப்படி முழுவதும் உள்ளே பதிக்கும் அமைப்பை அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜான் நீடர்ஹூபரும் அவருடைய குழுவினரும் 1982இல் வெளியிட்டார்கள். ஊசியின் பெயரும் அவர் பெயரும் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை.

உருண்டையாய், சிறியதாய், மூடியோடு இருக்கும் பொருளுக்கு நம் வீட்டிலேயே பெயர் இருக்கிறது: சிமிழ். குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துப் பாருங்கள். என் பரிந்துரை ‘சிரைச்சிமிழ்’. பேச்சில் ‘சிமிழ்’ என்றாலே போதும். ‘மருந்துச்சிமிழ்’ என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்திரை டப்பா என்று எண்ணிவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். இலங்கை வழக்கில் சிரையை நாளம் என்பதால் அங்கே ‘நாளச்சிமிழ்’ ஆகலாம். குழாய்க்குத் ‘தூம்பு’. ஏரியின் கரைக்கடியில் நீரைக் கொண்டுபோகும் கல்வழிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஓடுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

இந்தக் கருவியின் தொல்லைகள் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருபவை. அவற்றுக்கும் பெயர் வேண்டும் என்பதால்தான் இரண்டு உறுப்புகளுக்கும் தனிப்பெயர் கேட்கிறேன்.

அம்மாவுக்குக் கீமோதெரபியின் கடைசிச் சுழற்சி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போர்ட்டை உள்ளே நீர் செலுத்திக் கழுவ வேண்டும் என்று தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை. இப்போது மூன்று மாதம் வரை இடைவெளி விடும் இடங்களும் உண்டு. நாங்கள் விட்டது எட்டு மாதம். சிகிச்சை முடிந்துவிட்டது, இனி அதில் என்ன வேலை என்று இருந்துவிட்டோம். தெருவில் பார்த்தவர்கள் அந்தப் புடைப்பைக் காட்டி, “மறுபடியும் கட்டியா?” என்று கேட்டார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்ல ஒரு சொல் இல்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்.

எட்டாம் மாதம் செவிலியர் ஊசியை ஏற்றி உப்புநீரைச் செலுத்தினார். போயிற்று. பின்னால் இழுத்தார். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. “அம்மா, கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். தலையை அந்தப் பக்கம் திருப்புங்கள். இருமுங்கள்.” இருமினார். மறுபடியும் இழுத்தார். பிறகு எங்களிடம், “போகிறது, வரவில்லை” என்றார். உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். அதன் பிறகுதான் இரத்தம் ஏறியது.

தூம்பின் நுனியைச் சுற்றி ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) உறையாகப் படர்ந்திருந்தால் அது நாக்குபோல் வேலை செய்யும். தள்ளினால் விலகும், இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். மருந்து போகிறதே என்று விடமுடியாது. அந்த உறைக்குள்ளேயே பின்னோக்கி வந்து தோலடியில் கசியலாம். டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு மருந்து கசிந்தால் தசை வெந்துவிடும். இதற்கு நான் தரும் சொல் ‘வரத்தடை’. போக்கு இருக்கிறது, வரத்து இல்லை. அந்தச் செவிலியர் சொன்னதே கலைச்சொல்லாக நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிமிழ் இருக்கும் தோலடிப் பையில் சீழ் பிடிப்பது ‘சிமிழ்ப்பைத் தொற்று’. தூம்பு வழியாக இரத்தத்தில் கிருமி பரவிக் குளிர்காய்ச்சல் வருவது ‘தூம்புவழித் தொற்று’. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கக்கூடாது. தூம்பைச் சுற்றிச் சிரையில் இரத்தம் உறைந்து கை வீங்குவது ‘தூம்புசார் உறைவு’. சிமிழ் தலைகீழாகத் திரும்பினால் ‘சிமிழ் புரளல்’. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் மாட்டித் தூம்பு நசுங்குவது ‘காறை நசுக்கம்’. அது முற்றினால் ‘தூம்பு முறிவு’. முறிந்த துண்டு இதயத்துக்கோ நுரையீரல் தமனிக்கோ போய்விடலாம், சுருக்குக் கம்பியைச் சிரை வழியே அனுப்பித்தான் பிடித்து எடுக்க வேண்டும்.

குழுவில் உள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘வரத்தடை’யை நாளை ஒரு நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்கிறாரா என்று எழுதுங்கள். மாதந்தோறும் கழுவுவதற்குச் ‘சிமிழ் கழுவல்’ என்றே வைத்திருக்கிறேன். கழுவல் என்றால் வெளியே துடைப்பது என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற ஐயம் மட்டும் தீரவில்லை. ‘சிமிழ் அலசல்’ தேவலையா?

அன்புடன்.