அவசரம்: படகுத் தண்ணீர் பைப் உறையாமல் இருக்க என்ன செய்வது?

வேளச்சேரி_மதி: படகில் தண்ணீர் பைப் உறைந்து வெடித்துவிடும் என்கிறார்கள். நாளை இரவு மைனஸ் 6. ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

காசிமேடு_செல்வம்: தம்பி, படகு எங்கே நிற்கிறது? ஃபைபரா, இரும்பா? இன்ஜினுக்குப் போகும் தண்ணீரா, குடிக்கிற தண்ணீரா? சென்னை மார்கழிக் குளிருக்கு எந்தப் பைப்பும் உறையாதே.

வேளச்சேரி_மதி: இங்கிலாந்து அண்ணா. அக்கா அங்கே கால்வாய்ப் படகில்தான் குடியிருக்கிறாள், இப்போது லீவில் இங்கே. இரும்புப் படகு. குழாய், ஷவர் தண்ணீரைக் கேட்கிறேன். பக்கத்துப் படகுப் பெரியவரிடம் சாவி இருக்கிறது.

பெரம்பூர்_ரவி: டேங்கில் கல் உப்பைக் கொட்டச் சொல்லுங்கள். ஐஸ் ஃபேக்டரியில் கேன்களைச் சுற்றி உப்புத் தண்ணீர்தான் நிற்கும், அது உறையவே உறையாது.

பழைய_மாலுமி: அடிப்படை தெரியாமல் பதில் எழுத வேண்டாம். கடல் தண்ணீரே மைனஸ் 2-க்குப் பக்கத்தில் உறைந்துவிடும். ஐஸ் ஃபேக்டரியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு உப்பு. அதை இரும்பு டேங்கில் கொட்டினால் அரித்துத் தின்றுவிடும். அடுத்து யாராவது கார் கூலன்ட் என்று வருவதற்குள் சொல்கிறேன்: அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், குடிதண்ணீர் பைப்பில் ஊற்றவே கூடாது.

அடையாறு_வாணி: மதி, நான் அங்கே படகில் இருந்தவள். மருந்து எதுவும் வேண்டாம், தண்ணீரை வடித்தால் போதும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பைப்பில் இடமில்லை என்றால் இணைப்புதான் உடையும்.

முதலில் பம்ப் சுவிட்சை அணைக்கட்டும். வெந்நீர் டேங்குக்கு மின்சார ஹீட்டர் இருந்தால் அதையும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் எரிந்துவிடும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வால்வை மூட வேண்டும்; இல்லாவிட்டால் கீழ்ப் பைப்பில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அப்புறம் எல்லாக் குழாயையும் திறந்து, வெந்நீர் டேங்கின் அடி வால்வில் ஓஸ் மாட்டி வடிக்கட்டும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் நடுவில் வைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் வடியும். ஷவர் தலையைத் தரையில் போடட்டும். முதலில் உடைவது பெரும்பாலும் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் ஷவர் மிக்ஸர்தான். குழாய்களை மூடவே வேண்டாம். பெரிய டேங்க் பாதி காலி என்றால் பயமில்லை, பெருக இடம் இருக்கிறது.

காந்தல்_பையன்: ஏன் இவ்வளவு பயம்? ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். எங்கள் வீட்டுப் பைப் ஒருநாளும் வெடித்ததில்லை.

பழைய_மாலுமி: ஊட்டியில் வெயில் ஏறினால் உறைபனி கரைந்துவிடும். இங்கிலாந்தில் பகல் முழுக்கப் பூஜ்யத்தைத் தாண்டாத நாட்கள் உண்டு.

காந்தல்_பையன்: சார், ஊட்டிக் குளிரை ஊட்டிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். விடிகாலையில் தோட்டத்து ஓஸ் கட்டையாக நிற்கும். வந்து பாருங்கள்.

காசிமேடு_செல்வம்: அதைத்தான் அவரும் சொல்கிறார். ஓஸ் வளைந்து கொடுக்கும், பித்தளை கொடுக்காது. விடுங்கப்பா, மதிக்கு வேலை ஆகட்டும்.

வேளச்சேரி_மதி: பெரியவர் வடித்துவிட்டார். பம்ப் ஆஃப். வாணி அக்கா, ரொம்ப நன்றி.

அடையாறு_வாணி: பம்புக்கு முன்னால் சின்ன ஃபில்டர் கிண்ணம் ஒன்று இருக்கும், கண்ணாடி மாதிரி. அதைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாரா? அது சீக்கிரம் விரிசல் விட்டுவிடும்.

அடையாறு_வாணி: மதி?