தமிழ்த்தேசியத்துக்கு இன்னொரு கட்சி: நியாயம் இருக்கிறதா, நடைமுறை எப்படி?

மதகு கேட்டது:

மொழி, ஆற்றுநீர், மாநில உரிமை என்று தனித்தனியாக இயங்கும் சிறு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கட்சியாகப் பதிவு செய்வது பற்றி இரண்டு கேள்விகள். திராவிடக் கட்சிகளும் நாம் தமிழரும் ஏற்கெனவே களத்தில் இருக்கும்போது இன்னொன்றுக்கு என்ன நியாயம்? இயக்கமாகவே இருந்து அழுத்தம் கொடுத்தால் ஆகாதா? இரண்டாவது, இறங்குவதென்றே முடிவானால் பதிவு, சின்னம், டெபாசிட் இதிலெல்லாம் புதுக் கட்சிகள் எங்கே சறுக்குகின்றன? வீர வசனம் வேண்டாம். கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு:

நியாயம் ஒன்றே ஒன்றுதான்: கொறடா உத்தரவு, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளை, எந்த ஊரிலிருந்து வருகிறது?

கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டமியற்றலாம் என்கிற பொதுப்பட்டியலுக்குப் போனது 1976இல், அரசமைப்பின் 42ஆவது திருத்தத்தில். மக்கள்தொகைக்கேற்ப மக்களவை இடங்களைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்தி வைத்ததும் அதே திருத்தம். 2001இல் 84ஆவது திருத்தம் அந்தத் தடையை 2026 வரை நீட்டியது. மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது நிதிக் குழுவில் 4.969%, 14இல் 4.023%, 15இல் 4.079%. மூன்றுமே டெல்லியில் முடிவாகிற விஷயம். நம் சட்டமன்றத் தீர்மானத்துக்கு அங்கே கடித மரியாதைதான். தேசியக் கட்சியின் தமிழக எம்.பி. மனசுக்குள் நம் பக்கம் நின்றாலும், கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடை) பதவிக்கே ஆபத்து. காவிரி என்று வந்தால் அவர் கட்சிக்குக் கர்நாடகத்து மாண்டியாவிலும் ஓட்டு வேண்டும், தஞ்சாவூரிலும் ஓட்டு வேண்டும். இயக்கம் சாலையை மறிக்கலாம், மசோதாவில் வாக்களிக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள், இது மாநிலக் கட்சி ஒன்று வேண்டும் என்பதற்கான நியாயம். இன்னொரு மாநிலக் கட்சி வேண்டும் என்பதற்கு இது போதாது. திமுக, அதிமுக கொறடாவும் சென்னைத் தலைமையின் பேச்சைக் கேட்பவர்தான். அவர்கள் சொல்லாத, சொல்லத் தயங்குகிற கோரிக்கை எது என்று ஒரே வரியில் எழுத முடியவில்லையென்றால் பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.

முன்கதையும் சாதகமாக இல்லை. ஈ.வெ.கி. சம்பத் 1961இல் திமுகவிலிருந்து பிரிந்து தமிழ்த் தேசியக் கட்சி என்ற பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார். 1962 தேர்தலில் ஓர் இடமும் இல்லை, 1964இல் காங்கிரசில் கரைந்தது. ஆதித்தனாரின் நாம் தமிழர் 1967இல் திமுகவோடு கலந்தது. அதே தேர்தலில் தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சி. உதயசூரியனில் நின்றார். கொள்கை சரியில்லாததால் இவை கரைந்தன என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார்.

வென்றவற்றைப் பாருங்கள். தெலுங்கு தேசம் 1982 மார்ச்சில் தொடங்கி 1983 ஜனவரியில் ஆட்சி. ஆந்திரத்தில் 1978க்குப் பிறகு ஐந்தாண்டுக்குள் காங்கிரஸ் மேலிடம் நான்கு முதல்வர்களை உட்காரவைத்திருந்தது. தெலுங்கர் சுயமரியாதை என்ற சொல்லுக்கு அதைவிட விளம்பரம் தேவைப்படவில்லை. அசாம் கண பரிஷத்துக்கு 1985 அக்டோபரில் கட்சி, டிசம்பரில் ஆட்சி. அதற்குப் பின்னால் 1979இலிருந்து ஆறு வருஷம் ஊர் ஊராகக் கிளை கட்டிய மாணவர் இயக்கம் இருந்தது. காலியிடமோ கிளையோ, இரண்டில் ஒன்றாவது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பிரிவு29ஏ:

பதிவு பற்றி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29ஏ. கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் டெல்லியில் தேர்தல் ஆணையத்தின் கைக்குப் போக வேண்டும். பலர் விழுவது இங்கேதான். மாநாடு போட்டு, கொடியேற்றி, பேப்பரில் படம் வந்த நாளே தொடக்க நாளாகிவிடும். அதற்குப் பிறகு ஆவணம் தேட ஆரம்பித்தால் 30 நாள் பறந்துவிடும். எல்லாக் காகிதத்தையும் தயார் செய்து வைத்துவிட்டுக் கொடியேற்றுங்கள்.

தேவைப்படுவது: 10,000 ரூபாய் டிமாண்ட் டிராப்ட் (திரும்ப வராது), கட்சி விதிகள், குறைந்தது 100 உறுப்பினர்கள், எல்லோரும் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் என்பதற்குப் பட்டியல் நகல், வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று அந்த 100 பேரும் தனித்தனியாகக் கொடுக்கும் அபிடவிட். உங்களைப்போல் பல அமைப்பு சேரும்போது பழைய கட்சி அட்டையைக் கையில் வைத்திருப்பவர் நாலு பேராவது இருப்பார்கள். அதனால் 100க்கு 120ஆகச் சேருங்கள். பிறகு இரண்டு தேசிய நாளிதழ், இரண்டு உள்ளூர் நாளிதழில் இரண்டு நாள் அறிவிப்பு விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். டிராப்டைவிட இந்த விளம்பரச் செலவுதான் கையைக் கடிக்கும்.

கட்சி விதிகளில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். உட்கட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் நடக்கும் என்று இருக்க வேண்டும். "நிறுவனத் தலைவர் ஆயுட்காலம்" என்று எழுதினால் திரும்பி வரும். அதைவிட முக்கியம் 29ஏ(5): அரசமைப்புக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சிக் கொள்கைகளுக்கும் உண்மையான பற்று, இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டைக் காப்பது என்ற வாசகம் அப்படியே இடம்பெற வேண்டும். சொந்த நடையில் "செம்மைப்படுத்தி" எழுதாதீர்கள். தமிழ்த்தேசியம் என்ற சொல் தடையில்லை, தனிநாடு என்பது தடை. 1963இல் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க அரசமைப்பில் 16ஆவது திருத்தம் வந்த பிறகு திமுகவே திராவிட நாட்டைக் கைவிட்டது.

பதிவோடு வேலை முடியாது. ஆறு வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது.

சுவடி:

பதிவு பெற்ற கட்சி வேறு, அங்கீகாரம் பெற்ற கட்சி வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் முதல் தேர்தலுக்கே போஸ்டரில் சின்னம் அச்சடிப்பவர்கள் உண்டு.

பதிவு பெற்ற, அங்கீகாரமில்லாத கட்சிக்குச் சின்னம் சொந்தமில்லை. சின்னங்கள் ஆணை 1968இன் பத்தி 10பி-இன்படி பொதுச்சின்னம், அதாவது எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம், கேட்கலாம். அதற்குச் சட்டமன்றத் தேர்தலில் குறைந்தது 5% தொகுதியில் நிற்க வேண்டும், அதாவது தமிழ்நாட்டில் 12. விண்ணப்பிக்கும் காலம் அவையின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போது திறக்கிறது. முதலில் கேட்பவருக்கே முன்னுரிமை. அந்த முதல் நாள் காலையில் உங்கள் ஆள் டெல்லியில் நிற்க வேண்டும். 2024இல் நாம் தமிழர் கரும்பு விவசாயி சின்னத்தை இழந்தது இப்படித்தான். கர்நாடகக் கட்சியொன்று முந்திக்கொண்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. மைக் சின்னத்தில் நின்றார்கள்.

சொந்தச் சின்னம் வேண்டுமென்றால் மாநிலக் கட்சி அங்கீகாரம் வேண்டும். அதற்குப் பல வழி. சட்டமன்றத் தேர்தலில் 6% வாக்கும் 2 எம்.எல்.ஏ.வும், அல்லது சட்டமன்றமோ மக்களவையோ, இடமே இல்லாவிட்டாலும் 8% வாக்கு, அல்லது மக்களவையில் மாநிலத்தின் 25 இடத்துக்கு ஒன்று வீதம், நமக்கு 39 இடம் என்பதால் 2 எம்.பி.

இதை இரண்டு கட்சியில் பாருங்கள். நாம் தமிழர் 2021இல் சுமார் 6.6% வாங்கியும் அங்கீகாரம் இல்லை, இரண்டு எம்.எல்.ஏ. இருந்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் 8%ஐத் தாண்டித்தான் வாங்கினார்கள், ஓர் இடமும் வெல்லாமல். விடுதலைச் சிறுத்தைகள் அதே 2024இல் வாங்கியது 2% சொச்சம்தான், ஆனால் சிதம்பரம், விழுப்புரம் இரண்டையும் பானையில் வென்றார்கள். அவர்களுக்கும் அங்கீகாரம். நாம் தமிழர் போன வழிக்கு 234 தொகுதியிலும் ஆள் வேண்டும், பல தேர்தல் பொறுமை வேண்டும். சிறுத்தைகள் போன வழிக்குக் கூட்டணி வேண்டும்.

மதகு:

கூட்டணி என்றால் பெரிய கட்சி சின்னத்தில் நிற்கச் சொல்வார்களே, அதில் சட்டச் சிக்கல் உண்டா? வெளிநாட்டுத் தமிழர் நன்கொடை வாங்கலாமா? இன்னொன்று, மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் தேர்தலே செல்லாது என்கிறார்களே?

சுவடி:

பெரிய கட்சி சின்னத்தில் வென்றால் அவர் சட்டப்படி அந்தக் கட்சி உறுப்பினர். அவர்கள் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். அவர் வாங்கிய ஓட்டும் அவர்கள் கணக்கில்தான் ஏறும், உங்கள் அங்கீகாரக் கணக்கில் பூஜ்யம். 2019இல் சிறுத்தைகள் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார்கள், சிதம்பரத்தில் மட்டும் பானை. 2024இல் இரண்டிலும் பானை என்று பிடிவாதம் பிடித்ததன் பலன் மேலே சொன்ன அங்கீகாரம். கூட்டணிப் பேச்சில் ஒரு சீட் குறைந்தாலும் பரவாயில்லை, சின்னத்தை விடாதீர்கள்.

பிரிவு29ஏ:

நன்கொடை: இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவரிடம் வாங்கலாம். கனடா, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற தமிழரிடம் வாங்கக் கூடாது, இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, அரசியல் கட்சிக்கு அதை முழுசாகத் தடுக்கிறது. உண்டியல் ஏந்துவதற்கு முன்பே யூபிஐ கணக்குக்கு யாரெல்லாம் பணம் அனுப்புகிறார்கள் என்று பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். ஒருவரிடம் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வருமான வரி விலக்குக்கே வேட்டு. 20,000க்கு மேல் கொடுத்தவர் பட்டியல் வருஷாவருஷம் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

மொழி: பிரிவு 123(3) மதம், இனம், சாதி, சமூகம், மொழி அடிப்படையில் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2017 ஜனவரியில் அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதி அமர்வு, 4-க்கு 3 என்று, வேட்பாளரின் மொழி மட்டுமல்ல, வாக்காளரின் மொழியும் இதில் அடங்கும் என்றது. "நான் தமிழன், அவர் தமிழர் இல்லை, எனக்குப் போடுங்கள்" என்பது மாட்டும். "தமிழ்வழிக் கல்விக்குச் சட்டம் கொண்டுவருவேன்" என்பது மாட்டாது. மொழியைக் காப்பதற்கான பிரச்சாரம் இந்தப் பிரிவுக்குள் வராது என்று ஜகதேவ் சிங் சித்தாந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964லேயே சொல்லியிருக்கிறது. பேச்சாளர்களுக்கு இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேடையில் கைதட்டல் வருவது என்னவோ முதலாவதற்குத்தான்!

ஏரிக்கரை:

கணக்கை நான் சொல்கிறேன். சட்டமன்ற டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. 234இல் 46 தனித்தொகுதி. எல்லாவற்றிலும் நின்றால் 21 லட்சம் சொச்சம். செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் போச்சு, எனவே திரும்ப வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையான பஞ்சம் பணமில்லை, பூத் ஏஜென்ட். தொகுதிக்கு 300 சாவடி என்று வையுங்கள், 12 தொகுதிக்கே 3,600 பேர் வேண்டும். சாயங்காலம், சாவடியில் பதிவான வாக்குக் கணக்கைக் காட்டும் படிவம் 17சி நகலைக் கையெழுத்து வாங்கி எடுத்துவர ஆள் இல்லாத சாவடியில் என்ன பதிவாச்சு என்பதற்கு உங்களிடம் காகிதமே இருக்காது.

உள்ளாட்சியில் பழகலாம் என்பார்கள். கிராம ஊராட்சி வார்டு, தலைவர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை, சின்னம் பழக்கமாகாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், நகர்ப்புற வார்டுகளில் நில்லுங்கள்.

வேட்புமனு அன்று: அங்கீகாரமில்லாத கட்சி வேட்பாளருக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். பெரிய கட்சிக்கு ஒருவர் போதும். ஒருவரின் பாக எண், வரிசை எண் பொருந்தாவிட்டாலே அந்த மனு ஆட்டம் காணும். கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் அலுவலர் அல்லது ஆணையம் குறிப்பிட்ட வேறு அலுவலர் முன்னால்தான் வைக்க வேண்டும், வீட்டில் வைத்து வாங்கி வந்தால் செல்லாது. ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை போடலாம், அதனால் வேறு வேறு 10 பேரை வைத்து இரண்டு செட் போடுங்கள். இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் படிவம் ஏ, பி இரண்டும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் மையில் போட்ட அசல் கையெழுத்தோடு சேர வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. மனு கொடுத்த கையோடு, அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். 16ஆவது திருத்தம் கொண்டுவந்த அந்த உறுதிமொழியைப் பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். கடைசி நாளில் மனு கொடுத்துவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனவர் மனு, மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தள்ளுபடியாகும்.